முன்னூற்றைம்பது ரூபாக் கடன்

2024 மார்கழி மாதத்தின் ஓர் இரவு. எமது இளையவன் தனது மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது அதிகாலை மூன்று மணியைத் தாண்டியிருந்தது. மழையில் நனைந்து, கைகள் விறைத்து, ஒரு சொல்லும் பேசாது உள்ளே போய்ப் படுத்துவிட்டான். பாரிஸ் நகரின் உணவகம் ஒன்றில் அவனுக்கு இரவு வேலை. கடைசி ரயிலும் போனபின் வடக்குப் புறநகரிலுள்ள எமது வீட்டிற்குத் திரும்ப அவனுக்கிருக்கும் வழி அந்த 125 சீசீ வாகனம் ஒன்றுதான். அது நின்றால் அவனது வேலை நிற்கும். வேலை நின்றால் வீட்டு வாடகையின் ஒரு பங்கு நிற்கும். எம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இதனை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அன்றிலிருந்து ஏழு வாரங்கள் நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைத் தேடி அலைந்தோம். அந்த அலைச்சலையும், அதனால் எமக்கு நினைவில் எழுந்த பழைய கடன் ஒன்றையும் இங்கே எழுதுகின்றோம். வாசகர்கள் சிலருக்கேனும் இது பயன்படக் கூடும்.

முதலில் நாம் சென்றது எம்மவர் ஒருவரின் கராச்சிற்கு. தெரிந்தவர் ஒருவர் சொல்லி அனுப்பினார். தமிழில் பேசலாம், பிள்ளையை மொழிபெயர்க்கக் கூப்பிடத் தேவையில்லை என்பதே எமக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அவர் வாகனத்தை ஒரு தடவை ஸ்ராட் செய்ய முயன்று பார்த்துவிட்டு, "பற்றரி முடிஞ்சுது அண்ணை" என்றார். புதிய பற்றரிக்கு 95 யூரோ. காசாகக் கொடுத்தோம். பற்றுச்சீட்டு கேட்கவில்லை. எம்மவரிடம் கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணினோம். எட்டாம் நாள் புதிய பற்றரியும் உயிர்விட்டது. மீண்டும் அவரிடம் சென்றபோது, பற்றரியைப் பிள்ளை சரியாகப் பாவிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கத் தொடங்கினார். எம்மிடம் தாள் இல்லை. வாங்கியதற்குச் சாட்சியும் இல்லை.

இரண்டாவதாகச் சென்றது கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய நிறுவனம். தரையில் எண்ணெய்த் துளி கிடையாது. காத்திருப்போருக்குக் கோப்பி கொடுத்தார்கள். வாகனத்தைக் கணினியுடன் இணைத்துப் பார்த்தார்கள். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் இலத்திரனியல் பெட்டியை மாற்ற வேண்டும், 640 யூரோ வரும் என்றார்கள். பார்த்ததற்கு மட்டும் 80 யூரோ. காரணத்தைக் கேட்க எமக்குப் பிரெஞ்சு மொழி போதவில்லை. மகனுக்கு மொழி இருந்தும், அவனது பதினைந்து நிமிட இடைவேளையில் தொலைபேசியில் கேட்பதற்குப் பொறுமை இருக்கவில்லை. 80 யூரோவைக் கொடுத்துவிட்டு வாகனத்தைத் தள்ளிக்கொண்டு வந்தோம்.

அன்றிரவு எமக்குள் ஒரு கேள்வி எழுந்தது. இந்த நாட்டிற்கு வந்து இத்தனை ஆண்டுகளில், திருத்துபவர்களுக்கும் விற்பவர்களுக்கும் தரகர்களுக்கும் நாம் கொடுத்த பணத்தில் எவ்வளவு பங்கு உண்மையான வேலைக்குப் போயிருக்கும்? எவ்வளவு பங்கு, கேள்வி கேட்காமல் வெளியேறுவதற்காக நாமாகவே கொடுத்ததாக இருக்கும்? வெட்கத்தினாலும் அவசரத்தினாலும் பேசாமல் இருந்ததற்கும் சேர்த்தே நாம் விலை கொடுத்து வந்திருக்கின்றோம்.

அந்த நேரத்தில்தான் கொக்குவிலில் இருந்த ஒரு திருத்தகமும் அதன் சொந்தக்காரரும் எம் நினைவிற்கு வந்தார்கள்.

1990 ஆனியில் மீண்டும் போர் மூண்டபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையினால் பெற்றோல், பற்றரி, உதிரிப்பாகம் எதுவும் ஒழுங்காக வந்து சேரவில்லை. அந்நாட்களில் எம்மிடம் ஒரு ஹொண்டா எம்.டி. 90 இருந்தது. யப்பானில் தபால்காரர்கள் ஓட்டிய சிவப்பு நிற வகை. குடாநாட்டின் ஒழுங்கைகள் எங்கும் ஓடித் திரிந்த அந்த வாகனத்தை வாசகர்கள் பலர் மறந்திருக்கமாட்டார்கள். பெற்றோலுக்கு உருவாக்கப்பட்ட அந்த எஞ்சினை நாமெல்லாம் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். குளிர்ந்திருக்கும் எஞ்சினில் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. ஆகவே சூப்பிப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் சில துளிகளைப் பீச்சி, உதைத்து, எஞ்சின் சூடான பின்பே மண்ணெண்ணெயில் ஓட விடவேண்டும். முழுமையாக எரியாத மண்ணெண்ணெய் பிளக்கிலும் வால்விலும் கரியாகப் படியும். மிச்சம் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். ஆகவே சில மாதங்களுக்கு ஒரு தடவையேனும் எஞ்சினைக் கழற்றித் துப்புரவு செய்யாவிட்டால் வாகனம் படுத்துவிடும்.

கொக்குவில் அண்ணையின் திருத்தகம் கிடுகினால் வேய்ந்த ஒரு கொட்டில். பெயர்ப்பலகை கிடையாது. அவரது அனுமதியைப் பெற எமக்கு வழியில்லாததால் அவரது பெயரை இங்கே எழுதவில்லை. வாகனத்தைக் கொண்டுபோய் நிறுத்தினால் அவர் சாவியைத் தொடமாட்டார். முதலில் கேள்விகள்தான். "எப்ப நிண்டது தம்பி? ஏத்தத்திலையோ, சமதரையிலையோ? நிக்க முந்திச் சத்தம் மாறினதோ? புகை கறுப்போ, வெள்ளையோ?" பதில்களைக் கேட்டபின் சற்று நேரம் பேசாமல் நிற்பார். அதன் பின்பே சாவியை எடுப்பார். கழற்றிய ஒவ்வொன்றையும் எம் கையில் தந்து பார்க்கச் சொல்வார். எமக்கு ஒன்றும் விளங்காது என்பது அவருக்குத் தெரியும். ஆயினும் காட்டுவார்.

1995 ஐப்பசி நடுப்பகுதியில் வலிகாமத்தில் படை நடவடிக்கை தொடங்கியது. வடக்கிலும் கிழக்கிலும் இருந்து மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் எமது பக்கம் வந்துகொண்டிருந்தார்கள். அந்த வாரத்தில் எமது எம்.டி. 90 இழுவையின்றிப் புகைத்துப் புகைத்து நின்றுபோனது. வீட்டில் நாம் இருவர், இரண்டு வயதுப் பெண்குழந்தை, எண்பதைத் தாண்டிய ஆச்சி. இடுப்பு எலும்பு முறிந்து பொருந்தியபின் ஆச்சியால் முற்றத்திற்கு அப்பால் நடக்க முடியாது. எங்கேயாவது போகவேண்டி வந்தால் ஆச்சியை எப்படிக் கொண்டுபோவது என்பதே எமது பயமாக இருந்தது.

அண்ணையிடம் சொன்னோம். அவரது கொட்டிலில் ஏற்கெனவே ஏழெட்டு வாகனங்கள் நின்றன. எல்லோருக்கும் அவசரம். அவர் ஆச்சியைப் பற்றி மட்டும் விசாரித்தார். பின்னர், "நாளண்டைக்குப் பின்னேரம் வாங்கோ" என்றார். சொன்ன நாளில் சென்றோம். ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் இரவிரவாக எஞ்சினின் மேற்பாகத்தைக் கழற்றிக் கரி சுரண்டி, வால்வுகளைத் தேய்த்துப் பொருத்தி, எண்ணெய் மாற்றி வைத்திருந்தார். முந்நூற்றைம்பது ரூபா என்றார். எமது கையில் அன்று அவ்வளவு பணம் இருக்கவில்லை. "ஓடிப் பாருங்கோ. கணக்கைப் பிறகு பார்ப்பம்" என்று அனுப்பிவிட்டார். அது ஐப்பசி 29, ஞாயிற்றுக்கிழமை. சம்பளம் எடுத்ததும் கொண்டுவந்து தருவதாகச் சொல்லிவிட்டு வந்தோம்.

மறுநாள் மாலை ஒலிபெருக்கியில் அறிவித்தல் வந்தது. அந்த இரவைப் பற்றி இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நாம் விவரிக்க வேண்டியதில்லை. பலர் அதே வீதியில் நடந்தவர்கள். ஆச்சியை மோட்டார் சைக்கிளில் இருத்தித் துணியால் கட்டினோம். இரு பக்கமும் இரண்டு பைகள். எஞ்சினை உதைத்தோம். முதல் உதையிலேயே இயங்கியது. ஆனால் நாவற்குழிப் பாலத்தை நோக்கிய வீதியில் காலுக்கடியில் நிலம் தெரியாத அளவிற்குச் சனம். எந்த வாகனமும் ஓட வழியில்லை. சிறிது தூரத்திலேயே எஞ்சினை நிறுத்திவிட்டுத் தள்ளத் தொடங்கினோம். மழை பெய்தது. எம்மில் ஒருவர் தள்ள, மற்றவர் குழந்தையைச் சுமக்க, மாறி மாறி இரவு முழுதும் தள்ளினோம். சில்லுடைந்த வண்டில்களும், செயின் அறுந்த சைக்கிள்களும், தள்ள முடியாமற் கைவிடப்பட்ட மோட்டார் சைக்கிள்களும் வீதியோரத்தில் கிடந்தன. எமது வாகனத்தின் சில்லுகள் மட்டும் எதுவிதத் தடங்கலுமின்றி உருண்டன. அதற்காக நன்றி சொல்லவும் அப்போது எமக்குத் தோன்றவில்லை. எஞ்சினைத் திருத்தியது வீணாகிவிட்டதே என்றுதான் எண்ணினோம்.

மறுநாள் பகலில் சாவகச்சேரியில் பாடசாலை ஒன்றின் முற்றத்தில் வாகனத்தை நிறுத்தினோம். சூப்பிப் போத்தலை எடுப்பதற்காகப் பக்கப் பெட்டியைத் திறந்தபோது, பத்திரிகைத் தாளில் சுற்றிய சிறிய பொட்டலம் ஒன்று இருந்தது. உள்ளே ஒரு பழைய பெயரிங். வளையம் வெடித்து, குண்டுகளில் இரண்டு நொருங்கியிருந்தன. பின் சில்லின் பெயரிங் அது. அண்ணை எஞ்சினைத் திருத்திய இரவில் பின் சில்லு ஆடுவதைக் கண்டு, அதனையும் கழற்றி, எங்கேயோ இருந்து வேறொன்றைத் தேடிக் கிறீஸ் பூசிப் போட்டிருக்கிறார். கழற்றியதை எமக்குக் காட்டுவதற்காகச் சுற்றி வைத்துவிட்டு, வேலை நெருக்கத்தில் சொல்ல மறந்திருக்கிறார். முந்நூற்றைம்பது ரூபாவில் அதற்கு ஒரு சதமும் சேர்க்கவில்லை.

நாம் கேட்டது எஞ்சினை. அந்த இரவில் எம்மைக் காப்பாற்றியது சில்லு. நொருங்கிய அந்தப் பெயரிங்குடன் ஆச்சியின் பாரத்தையும் ஏற்றித் தள்ளியிருந்தால், செம்மணி வெளியைத் தாண்டுமுன் சில்லு இறுகியிருக்கும். பிறகு ஆச்சியைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் நடந்திருப்போம் என்பதை எண்ணிப்பார்க்க இன்றைக்கும் எமக்குத் துணிவில்லை.

1996 சித்திரையில் வலிகாமத்திற்குத் திரும்பியபோது, முதல் வேலையாக முந்நூற்றைம்பது ரூபாவுடன் கொக்குவிலுக்குச் சென்றோம். கொட்டில் இருந்த இடத்தில் நான்கு கப்புகள் மட்டும் நின்றன. குடும்பத்துடன் கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்குப் போய்விட்டார் என்று அயலவர் ஒருவர் சொன்னார். ஆச்சி அந்த ஆண்டு ஆவணியில், தன் சொந்த வீட்டில், தன் கட்டிலில் காலமானார். சில மாதங்களின் பின் மோட்டார் சைக்கிளை விற்றுக் கொழும்புக்குப் பயணமானோம். 1998 இல் இந்த நாட்டிற்கு வந்தோம். கடன் அப்படியே இருக்கின்றது.

இளையவனுக்கு இக்கதையை முன்பு சொன்னதில்லை. அன்றிரவுதான் சொன்னோம். கேட்டுவிட்டு அவன் ஒரு கேள்வி கேட்டான். "அப்ப, கேள்வி கேக்கிற மெக்கானிக்கைத் தேட வேணும். அப்படித்தானே அப்பா?"

அவ்வாறே தேடினோம். விளம்பரத்தையும், கடையின் அழகையும், எம்மவரா பிறரா என்பதையும் ஒருபுறம் வைத்துவிட்டு, சாவியை எடுக்குமுன் கேள்வி கேட்பவர் யார் என்று பார்த்தோம். இரண்டு இடங்களில் வாசலிலேயே திரும்பினோம். மூன்றாவது இடம், ரயில் பாதையை ஒட்டிய பின்வீதியில் ஒரு சிறிய கராச். நடத்துபவர் மகன். மூலையில் ஒரு கதிரையில் அவரது தந்தையார் இருந்தார். போர்த்துக்கல் நாட்டவர். ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளில் நடந்த போருக்குத் தன்னைப் படையில் சேர்க்கப் போகிறார்கள் என்று அறிந்து, 1969 இல் மலைப்பாதையால் கால்நடையாக, கடவுச்சீட்டின்றிப் பிரான்சுக்குள் வந்தவர் என்பதனைப் பின்னர் அறிந்தோம். நாம் போய் நின்றதும் எழுந்துவந்தவர் அவர்தான்.

அவர் கேட்டார். நின்றது இரவிலா, பகலிலா? ஓடிக்கொண்டிருக்கும்போதா, நிறுத்தி எடுக்கும்போதா? விளக்கு முதலில் மங்கியதா? மழையில் ஓடிய நாட்களில் கூடுதலா? மகன் பதில் சொல்லச் சொல்ல நாம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பின்னர் ஒரு சிறிய அளவுகருவியைப் பற்றரியின் இரு முனைகளிலும் வைத்தார். எஞ்சின் நிற்கையில் 12.4 வோல்ற். எஞ்சினை இயக்கி வேகத்தைக் கூட்டினார். 12.1 ஆக இறங்கியது. எம்மை அருகே அழைத்து அந்த எண்ணைக் காட்டினார். எஞ்சின் வேகமாகச் சுழலும்போது அது 13.5 இற்கும் 14.5 இற்கும் இடையில் நிற்கவேண்டும், அப்போதுதான் பற்றரிக்கு மின் ஏறுகின்றது என்று பொருள். இறங்கினால் பற்றரி தன் இருப்பைச் செலவழித்துக்கொண்டிருக்கின்றது. எத்தனை புதிய பற்றரி போட்டாலும் அது சாகத்தான் செய்யும். பழுது பற்றரியிலும் இல்லை, 640 யூரோப் பெட்டியிலும் இல்லை.

இருக்கையைக் கழற்றி, மின் பிறப்பாக்கியில் இருந்து ரெகுலேற்றருக்குச் செல்லும் மூன்று மஞ்சள் வயர்களின் இணைப்பைத் தேடிப் பிரித்தார். மூன்றில் ஒன்று கறுத்து, அதனைச் சுற்றிய பிளாஸ்ரிக் உருகியிருந்தது. தண்ணீர் புகுந்து செம்பு அரித்து, தொடுகை தளர்ந்து, சூடேறி எரிந்திருக்கின்றது. ரெகுலேற்றரையும் மாற்றிவிடலாமா என்று நாமே கேட்டோம். அளந்து பார்த்துவிட்டு, அது நல்லது, காசை வீணாக்காதீர்கள் என்றார். எரிந்த பகுதியை வெட்டி, புதிய இணைப்பைப் பொருத்தி, மீண்டும் அளந்தார். 14.1. கூலி 45 யூரோ. தாளில் எழுதித் தந்தார். வெட்டிய பழைய இணைப்பையும் ஒரு கடதாசியில் சுற்றி எம்மிடம் தந்தார். வழக்கமாக அப்படித்தான் கொடுப்பாராம். அந்தக் கடதாசியைக் கையில் வாங்கியபோது எமக்குப் பேச்சு வரவில்லை. அவருக்குக் காரணம் விளங்கியிருக்காது.

இந்த அனுபவத்தில் நாம் கற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லுகின்றோம்.

பிரான்சில் திருத்தகங்கள் மணித்தியாலக் கூலியை வாடிக்கையாளர் காணும்படி எழுதித் தொங்கவிட வேண்டும் என்பது சட்டம். உள்ளே போகுமுன் அதனை வாசியுங்கள். வேலை தொடங்குமுன் 'தெவி' எனப்படும் செலவு மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். அதற்குக் கட்டணம் உண்டா என்பதையும் முதலிலேயே கேளுங்கள். நாம் 80 யூரோவை இழந்தது இதைக் கேட்காததால்தான். எழுதிய வேலைக்கு மேலாக ஏதும் செய்வதாயின் முதலில் உங்களைக் கேட்கவேண்டும் என்று அதே தாளில் குறிப்பிடச் சொல்லுங்கள். முடிவில் 'பக்தூர்' எனப்படும் பற்றுச்சீட்டைப் பெறுங்கள். எம்மவராயினும் கேளுங்கள். நேர்மையானவர் அதனை அவமதிப்பாக எடுக்கமாட்டார். கழற்றிய பழைய பாகத்தைத் தரச் சொல்லுங்கள். இதனை வாகனத்தை ஒப்படைக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது.

2024 சித்திரை 15 முதல் இங்கு மோட்டார் சைக்கிள்களுக்கும் தொழில்நுட்பப் பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பரிசோதிக்கும் நிலையங்கள் திருத்தல் வேலை செய்வதில்லை. ஆகவே உமக்கு எதையும் விற்பதில் அவர்களுக்கு இலாபமில்லை. அவர்கள் தரும் தாளைப் பத்திரப்படுத்துங்கள். திருத்துபவர் சொல்வதை ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

தாள்கள் தீயவரிடமிருந்து எம்மை ஓரளவு காப்பாற்றும். அதற்கு மேல் அவற்றால் முடியாது. கொக்குவிலில் தாளும் இல்லை, சட்டமும் இல்லை. பின் சில்லைப் பார்க்காமல் விட்டிருந்தால் அண்ணையைக் கேட்க ஆளில்லை. பார்த்ததை நாம் அறியப்போவதும் இல்லை, அந்தப் பொட்டலம் பெட்டியில் இருந்திராவிட்டால். நம்பிக்கையான மெக்கானிக் என்று நாம் தேடுவது அத்தகைய ஒருவரைத்தான். அவர் எந்த மொழி பேசுவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

எமது மகன் இப்போது ஓர் அளவுகருவி வாங்கி வைத்திருக்கிறான். கிழமைக்கு ஒரு தடவை பற்றரியை அளந்து கொப்பியில் குறித்துக்கொள்கிறான். ஓய்வு நாட்களில் அந்தப் போர்த்துக்கீசப் பெரியவரின் கராச்சிற்குப் போய் வேலை பார்த்து வருகிறான். சம்பளம் கிடையாது. போகாதே என்று நாம் சொல்லவில்லை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். 1995 இல் கொக்குவிலில் கிடுகுக் கொட்டிலில் மோட்டார் சைக்கிள் திருத்திய அந்த அண்ணையோ, அவரது பிள்ளைகளோ இதனை வாசிக்க நேர்ந்தால், பத்திரிகை அலுவலகத்தின் ஊடாக எமக்கு ஒரு வரி எழுதுமாறு கேட்டுக்கொள்கின்றோம். சிவப்பு நிற எம்.டி. 90, ஆச்சி ஒருவர் என்று சொன்னால் அவருக்கு நினைவு வரும். முந்நூற்றைம்பது ரூபாவும், பெயரிங்கின் விலையும் எம்மிடம் உள்ளன.